ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஆலைத் தொழிலாளியின் சம்பளமும்

“ஆபீஸில் கம்ப்யூட்டரை மாற்றினால் நமக்கென்ன, மாற்றாவிட்டால் நமக்கென்ன?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். பஞ்சு தூசியில் எட்டு மணி நேரம் நிற்பவனும், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளும் இப்படிக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் நமது சம்பளக் கணக்கு எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டிக்குள்தான். ஓவர்டைம், லீவு, பி.எப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அங்கேதான். கிராமத்திலும் இதே கதைதான். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2022 ஜூனில் அனுமதி தந்தது. பயிர்க் கடனும் உரமும் இனி அந்தப் பெட்டியின் தயவில். பெட்டி படுத்தால் நமது வேலையும் படுத்துவிடுகிறது. “சிஸ்டம் டவுன், நாளைக்கு வா” என்ற பதிலைக் கேட்காதவர் நம்மில் யார்?

நஷ்டம் யார் தலையில்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு குமாஸ்தா வேலை செய்கிறார். காலையில் அது உயிர் பெறக் கால் மணி; நடுநடுவே உறைந்து நிற்பதில் இன்னொரு கால் மணி. தினம் அரை மணி போனால், 26 நாள் வேலை செய்யும் மாதத்துக்கு 13 மணி. வருஷத்துக்கு 156 மணி. மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் 12,480 ரூபாய். மூன்று வருஷத்தில் 37,440 ரூபாய். ஏறக்குறைய ஒரு புதுப் பெட்டியின் விலை!

பிறகு ஏன் முதலாளி மாற்றுவதில்லை? கணக்குத் தெரியாதவரா? நன்றாகத் தெரிந்தவர். அந்த அரை மணி அவர் பையிலிருந்து போவதில்லை. குமாஸ்தா மாலையில் கூலியில்லாமல் இருந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார். அவரால் முடியாத மாதத்தில் நமது சம்பளம் தள்ளிப் போகிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. இயந்திரம் கெட்டுப் போனதற்கு அதில் தனிச் சலுகை எழுதியிருக்கவில்லை.

வாங்கினாலும் முதலாளிக்குப் பாரம் முழுவதும் இல்லை. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துக் கொள்ளலாம். 50,000 ரூபாய்ப் பெட்டிக்கு முதல் வருஷம் 20,000, அடுத்து 12,000, அதற்கடுத்து 7,200. மூன்றே வருஷத்தில் 39,200 ரூபாயை லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக் கொள்கிறார். தேய்ந்து போன தொழிலாளியின் முதுகெலும்புக்கு எந்தச் சட்டத்தில் தேய்மானம் உண்டு?

ஏகபோகத்தின் சாட்டை

இப்போது விஷயம் அவசரமாகியிருக்கிறது. 2015ல் வெளியான விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ந் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், 2017க்கு முந்திய பெரும்பாலான பெட்டிகளை அது ஏற்காது. திருத்தங்கள் தொடர வேண்டுமானால் கம்பெனிகள் பெட்டிக்கு முதல் வருஷம் 61 டாலர் கட்ட வேண்டும். அடுத்த வருஷம் 122. மூன்றாம் வருஷம் 244. இதனால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக் கூடுமென்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023ல் மதிப்பிட்டது. ஓடுகிற இயந்திரத்தைச் செத்ததாகச் சொல்லிப் புதையல் தேடுவதுதான் ஏகபோகத்தின் தொழில்.

அதற்காக, திருத்தமில்லாத பெட்டியை அப்படியே ஓட்டலாமா? கூடாது. 2017 மே மாதம் ‘வான்னகிரை’ என்ற கொள்ளை நிரல் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. பல இடங்களில் போடவில்லை. நமது பி.எப். கணக்கு அப்படிப் பூட்டப்பட்டால் யார் ஜவாப்தாரி?

வழி இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ராமைக் கூட்டினால் பல பெட்டிகள் எழுந்து ஓடும். அவற்றில் லைசென்ஸ் கட்டணமில்லாத லினக்ஸ் போடலாம். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். சென்னையிலேயே சி-டாக் என்ற பொது ஸ்தாபனம் ‘பாஸ்’ என்ற லினக்ஸைத் தயாரித்து 2007ல் வெளியிட்டது. இதற்கும் சரிப்படாத பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

நாம் இயந்திரத்தின் விரோதிகளா?

“கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டர் வேண்டாமென்றவர்கள்” என்று முதலாளிகள் கேலி பேசுவார்கள். 1955ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1960களில் கல்கத்தா இலாக்கோ கட்டிடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாதபடி எல்.ஐ.சி. ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அவர்கள் எதிர்த்தது இரும்பையும் கம்பியையும் அல்ல. இயந்திரத்தின் பின்னால் ஒளிந்து வந்த ஆட்குறைப்பையும் வேலைப் பளுவையும் எதிர்த்தார்கள். அந்தப் பயம் இன்றும் நியாயமானதே. பழைய பெட்டியில் இரண்டு பேர் செய்ததைப் புதுப் பெட்டியில் ஒருவர் செய்யலாமென்று நிர்வாகம் கணக்குப் போடாமலிருக்காது.

ஆகவே மாற்றம் வரட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. சங்கமே கணக்கையும் கோரிக்கையையும் கையில் எடுத்துக் கொண்டு நிர்வாகத்தின் முன் போக வேண்டும்:

1. எந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது என்பதைச் சங்கத்தோடு கலந்து முடிவு செய்ய வேண்டும்.

2. மாற்றத்தைக் காரணம் காட்டி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு தரப்பட வேண்டும்.

3. மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு ஊழியருக்கு: மாலையில் நேரத்தோடு வீடு திரும்பும் உரிமை.

4. சம்பளக் கணக்குக்குத் தினமும் தனிப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். இயந்திரம் கெட்டாலும் 7ந் தேதி தவறக் கூடாது.

5. கூட்டுறவுச் சங்கங்களில் கம்ப்யூட்டர் நின்ற நாளில் நோட்டில் எழுதி வேலை நடத்த ஏற்பாடு வேண்டும். கூலி நாளை விட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தோழர்களே! குமாஸ்தா வேறு, நாம் வேறு என்று நினைக்க வேண்டாம். அவர் மாலையில் இழக்கும் அரை மணியும், நாம் ஜன்னலில் காத்து நிற்கும் அரை நாளும் ஒரே கல்லாவில்தான் விழுகின்றன. அடுத்த சம்பளத் தேதியில் ஆபீஸ் ஜன்னலுக்குப் போகும்போது, உள்ளே இருப்பவரிடம் அந்தப் பெட்டியின் வயதென்ன என்று கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.