பானைக்குள்ளே என்ன இருக்கு?



தொழிற்சாலை பார்க்கப் போகிறோம் என்றால் முந்தின நாளே சட்டையைத் தேய்த்து வைக்கிற நாம், அருங்காட்சியகம் என்றதும் முகத்தைச் சுளிக்கிறோம். ஆதிச்சநல்லூருக்கு நாங்கள் நாலு பேர் போனபோதும் அப்படித்தான். "ஏலே, பானையைப் பாக்கவால பஸ் ஏறி வந்தோம்?" என்றான் கூட வந்தவன்.

2023-ல் திறந்த அந்த இடத்தில், தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டுவிட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் இந்தப் பரம்பில் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டம், வெண்கலச் சாடி, இரும்பு வாள் எல்லாம் சென்னை எழும்பூருக்குப் போயின. வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை வருஷம் பழசு?" டிப்ளமோ படிக்கிற நாம் கேட்க வேண்டியது வேறு: "இதை எப்படிச் செஞ்சான்?"

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்று ஒரே பானையில் இரண்டு நிறம். பெயிண்ட் அல்ல! சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று படாமல் கரியேறிக் கருப்பாகும். வெளியே காற்று பட்டு, மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவக்கும். காற்றை அடக்கி ஆண்ட வித்தை அது.

வெண்கலம் இன்னும் ஆச்சரியம். இங்கே கிடைத்த சில கிண்ணங்களில் நூற்றுக்குச் சுமார் 23 பங்கு வெள்ளீயம். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகம் தானாக ஆறினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். செஞ்சூட்டிலேயே அடித்து மெலிதாக்கி, சட்டென்று தண்ணீரில் முக்கினால்தான் உறுதி வரும். எஃகைத் தண்ணீரில் முக்கினால் கடினமாகி முறியும் என்று நாம் படிக்கிறோம். இது நேர் எதிர்! அந்த வித்தியாசத்தை லேப் இல்லாமலே ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான்.

சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலம் சொல்லி 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. ஆண்டுக் கணக்கைச் சொல்லி மீசையை முறுக்குகிறோம். அந்த உலைக்குக் காற்று எப்படி ஊதினான் என்று கேட்கிறோமா?

சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற சீவலப்பேரிதான் எங்க ஊர். எங்க தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். அரிவாளைத் தோய்த்த பிறகு மறுபடி லேசாகச் சூடு காட்டி, "வைக்கோல் நிறம் தாண்டட்டும்ல, கத்திரிப்பூ நிறம் வந்ததும் எடு" என்பார். இரண்டாம் வருஷம் 'டெம்பரிங்' பாடத்தில் அதே நிற வரிசையை டிகிரிக் கணக்கோடு பார்த்தேன். ஓடிப் போய்ச் சொல்ல தாத்தா இல்லை. துருத்தி பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அதன் அளவைக் குறித்து வைக்க வீட்டில் ஒருவருக்கும் தோணலை, எனக்கும்தான்.

"இதெல்லாம் வேலை வாங்கித் தருமா?" என்பீர்கள். தராது. நானும் அரிவாள் அடிக்கப் போவதில்லை. ஆனால் பொருள் எங்கே போனாலும் திரும்பப் போய்ப் பார்க்கலாம், கைப்பழக்கம் செத்தால் எந்தக் கண்ணாடிக்குக் கீழேயும் கிடைக்காது. அருங்காட்சியகம் பொருளைத்தான் காக்கும். செய்முறையைக் காக்க, படம் வரையத் தெரிந்த ஆள் வேண்டும். நமக்கு அதைத்தானே மூன்று வருஷம் சொல்லித் தருகிறார்கள்?

ஆகவே, மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்கக் கேட்போம். காருகுறிச்சியில் பானைச் சூளை இருக்கிறது, பத்தமடையில் கோரைப்பாய்த் தறி இருக்கிறது, உங்க ஊரிலேயே கடைசிப் பட்டறை ஒன்று இருக்கலாம். டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "சார்" என்று நிற்காமல், "அண்ணாச்சி, இதைச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். அளவெடுத்து வரைந்து, கல்லூரி நூலகத்தில் வையுங்கள்.

தாத்தாக்கள் இருக்கும்போதே கேட்போம்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல்