வெந்நீர் ஏறாத மாடி

லண்டன் தமிழர்களிடம் ஜனவரி மாதத்தில் போனில் பேசிப் பாருங்கள். ஊர் விசேஷம், உடம்பு சௌக்கியம் எல்லாம் முடிந்ததும் நேராக ரேடியேட்டருக்கு வந்துவிடுவார்கள். 'கீழ் பாதி தொட முடியலை, மேல் பாதி ஜில்லுனு இருக்கு' என்பது ஒரு புலம்பல். 'ஹால்ல வேர்க்குது, பெட்ரூம்ல விறைக்குது' என்பது இன்னொன்று.

செங்கல்பட்டுக்காரனான எனக்கு ரேடியேட்டர் என்றால், பஸ் நடுரோட்டில் புகைவிட்டு நிற்கும்போது டிரைவர் துணியைச் சுற்றி மூடி திறப்பாரே, அதுதான். அங்கே அது சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டி. பாய்லரில் காய்ந்த வெந்நீர் அதன் வயிற்றுக்குள் சுற்றி வந்து அறையைச் சூடாக்குகிறது. 1850-களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர் செய்து பார்த்த சமாசாரம்.

அதற்கு வரும் வியாதிகளில் முக்கியமானவை மூன்று.

மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்று லேசானது, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடமாட்டேன் என்கிறது. பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை ஒரு சாவியால் கால் சுற்று திருப்பினால் 'புஸ்ஸ்...' என்று ஏப்பம் விடும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும்.

கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்றால் துரு சேறாகி அடியில் படிந்திருக்கிறது. கழுவ வேண்டும்.

ஒரு அறையில் முழுக்கச் சூடு, இன்னொன்றில் முழுக்கக் குளிர் என்றால் பங்கீட்டில் கோளாறு. பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பது வெந்நீரையெல்லாம் குடித்துவிடுகிறது. அதன் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் கடைசி அறைக்கும் கிடைக்கும்.

'மே மாசம் ஃபேன் காத்தே அனலா அடிக்கிற ஊர்ல இதெல்லாம் எதுக்கு சார்?' என்பீர்கள். மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். சோலார் ஹீட்டர் இருக்கிறதா? அதே தண்ணீர், அதே காற்று, அதே மூன்று வியாதி!

இதனால் ஒரு குடித்தனமே காலியாக இருந்த கதையைக் கேளுங்கள். என் ஆபீஸ் நண்பன், திருக்கழுக்குன்றம் ரோட்டில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. மாடியில் வீட்டுக்காரம்மா, முட்டிவலிக்காரர். மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார், ரெண்டு வீட்டுக்கும் பொது. விடியற்காலையில் கீழே ஆவி பறக்கும். மாடியிலோ குழாயில் நூல் மாதிரி வெதுவெதுவென்று வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

"ஏம்ப்பா, வெந்நீர்லதான் துணி துவைக்கறீங்களா?" என்று ஆரம்பித்தது சண்டை. "இல்லம்மா, குழந்தைக்கு ரெண்டு சொம்பு, எனக்கு ஒரு பக்கெட், அவ்வளவுதான்" என்றால் நம்புவார்களா? ஒரு மாதத்தில் பேச்சு நின்றது. ரெண்டாவது மாதம், "அட்வான்ஸை வாங்கிக்கிட்டு வேற வீடு பாருங்க" என்று வந்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக்கோ, "ட்யூப் எல்லாம் வேஸ்ட்டு, புதுசே போட்டுடுங்க" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டுப் போனார்.

ட்யூப் வேஸ்ட் என்றால் கீழே மட்டும் எப்படி ஆவி பறக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். பதில் கண்டுபிடித்தவர் நாங்கள் கூட்டிப்போன வயசான பிளம்பர்.

அவர் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. மாடி வீட்டுக்குப் போகிற பைப்பைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். கைப்பிடிச்சுவர் வந்த இடத்தில் பைப் மேலே ஏறி, சுவரைத் தாண்டி, கீழே இறங்கியது. "இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் பச்சைத் தண்ணி. மேட்டுல காத்து உக்காந்திருக்கு தம்பி" என்றார்.

தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். சூடேறினால் அது குமிழியாகப் பிரிந்து பைப்பின் உச்சியில் சேரும். நம் சோலாரில் வெந்நீர் கீழே வருவது வெறும் உயரத்தின் அழுத்தத்தால்தான். 10 அடி உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 300 கிராம் அழுத்தம். கீழ்வீட்டுக்கு மாடியை விட ஒரு மாடி உயரம் அதிகம், அதனால் வேகம். மாடிக்கு ஏழெட்டு அடிதான், அதை வைத்துக்கொண்டு காற்றைத் தள்ளிவிட முடியவில்லை.

மேட்டின் உச்சியில் ஒரு 'டி' போட்டு, அரை இஞ்ச் பைப்பைப் பச்சைத் தண்ணி டேங்கை விட உயரமாக நிமிர்த்தி, வாயைத் திறந்துவிட்டார். காற்று போக வழி கிடைத்தது. பிறகு கீழ்வீட்டு பாத்ரூமில் ஆங்கிள் வால்வைப் பாதி மூடினார். லண்டன்காரர்கள் வால்வை இறுக்குகிறார்களே, அதே வைத்தியம்!

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா குளித்துவிட்டு இறங்கி வந்து, "குழந்தைக்கு மூடி வைக்காம தண்ணி சரியா வருதாப்பா?" என்று கேட்டாராம். வீடு காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் காபி கொடுத்தால் அதற்குப் பேர் மன்னிப்பு!

மூன்றாவது வியாதி படிவு. கோவளம், பட்டிபுலம், மாமல்லபுரம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கடினம். காயக் காய சுண்ணாம்பு பிரிந்து, வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிகிற மாதிரி ட்யூபிலும் பைப்பிலும் படியும். வழி சுருங்கும். எல்லாக் குழாயிலும் வேகம் குறைந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இது வீட்டுக் கவலை மட்டுமில்லை. 1984-ல் வணிக ரீதியாக மின்சாரம் தர ஆரம்பித்த கல்பாக்கம் அணுமின் நிலையம், நீராவியைக் குளிரவைக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறது. கடலுக்கடியில் சுமார் அரை கிலோமீட்டர் சுரங்கம். அதற்குள்ளே பச்சைச் சிப்பிகள் ஒட்டிக் குடும்பம் நடத்தும். அவற்றை விரட்டக் குளோரின் போடுகிறார்கள். அணு விஞ்ஞானிக்கும் குழாய் அடைப்பு உண்டு சார்!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ட்யூப் சோலாரில் டேங்க் காலியாகிவிட்டால் உச்சி வெயிலில் தண்ணீர் திறக்காதீர்கள். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணி பட்டால் 'பட்' என்று விரிசல்தான். சாயங்காலம் இறங்கி ஆறின பிறகு, அல்லது விடியற்காலையில் நிரப்புங்கள். பைப்பைத் தொட்டுப் பார்ப்பதும் விடியற்காலையில் ஜாக்கிரதையாக. டேங்கில் உள்ளது கையைச் சுட்டுவிடும்.

வெந்நீர் வரவில்லையா? பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டும் முன், பைப்பை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். எங்கே சூடு நிற்கிறதோ, அங்கேதான் சண்டையும் ஆரம்பிக்கிறது.