திரைக்கு அந்தப் பக்கம்

மாதிரி ரயில் வைத்து விளையாடும் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தண்டவாளம் போட்டு, வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அதோடு நிறுத்தமாட்டார்கள். ஓரத்தில் ஒரு நிலையம், பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, அப்புறம் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம் என்று ஊர் வளர்ந்துகொண்டே போகும். அந்த ஊரில் பொழுதுபோக்குக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றும்போது உலகம் முழுக்கப் பலரும் தேர்ந்தெடுப்பது டிரைவ்-இன் திரையரங்கு. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு. கூரையும் சுவரும் இல்லாததால் உள்ளே நடப்பதெல்லாம் மேலிருந்தே தெரியும். திரையில் படமும் ஓடினால் பார்க்க வருபவர்கள் ரயிலையே மறந்துவிடுவார்கள்.

செடெனாக்கில் எங்கள் வீட்டு மாடி அறையில் உள்ள ரயில் மேசைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று என் மகள் கேட்டாள். கட்டினோம். எப்படிக் கட்டுவது என்பதையும், கட்டிய பிறகு வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையும் இந்த வாரம் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. டிரைவ்-இன் அரங்கே ஒரு வீட்டு வாசல் சோதனையில்தான் பிறந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தம் காரின் முன்மூடியில் ஒரு கோடக் புரொஜெக்டரை வைத்தார். எதிரே மரங்களில் திரையைக் கட்டினார். மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்து காரை நனைத்தார். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்கக்கூடாதே என்று முன்சக்கரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து உயர்த்திப் பார்த்தார். இந்தச் சாய்மேடைதான் அவர் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி. 1933 ஜூன் 6-ஆம் தேதி கேம்டன் நகருக்கு அருகே அவருடைய அரங்கு திறந்தது.

நமக்குப் பக்கத்தில் இருந்தது சிங்கப்பூரின் ஜூரோங். கேத்தே நிறுவனம் 1971 ஜூலை 14-இல் அங்கே திறந்த டிரைவ்-இன் அரங்கில் 899 கார்கள் நிற்க முடியும். திரை ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம். 1985 செப்டம்பர் இறுதியில் அது மூடப்பட்டது. அதற்குள் வீடியோ நாடா வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் வட்டாரத்து மழையோ தெளிப்புக் குழாய்போல் நினைத்த நேரத்தில் மூடக்கூடியதல்ல.

இதை அப்படியே சுருக்கலாமா என்று கணக்குப் போட்டோம். எங்கள் மேசை எச்.ஓ. அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. ஜூரோங் திரை இந்த அளவில் 34 செ.மீ. அகலம் வரும். 15 அங்குல மடிக்கணினியின் திரை கிட்டத்தட்ட அந்த அகலம்தான். ஆனால் 899 கார்களை நிறுத்தினால் வீட்டில் ஓர் அறையே போய்விடும். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கணக்கை மாற்றிக்கொண்டோம்.

மாதிரி கட்டுவதில் முதல் பாடம் இதுதான். எல்லாவற்றையும் சுருக்க முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டவாளத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. கே.டி.எம். பாதையின் அகலம் ஒரு மீட்டர். 87-இல் ஒரு பங்காக்கினால் 11.5 மி.மீ. இதற்கு நெருக்கமாக 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது, சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாதிரிகளுக்காகச் செய்வது, விலை அதிகம். கடைகளில் எளிதில் கிடைப்பது 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. நம் ஊர்ப் பாதையின் அகலம் அதுவல்ல, கிழக்குக் கரை ரயில் திட்டத்தின் அகலம். பலரும் அதையே போட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். நாங்களும்தான்.

திரைக்கு ஒரு பழைய திறன்பேசி போதும். ஆறரை அங்குலத் திரை என்றால் 15 செ.மீ. அகலம், 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம். உண்மை அளவில் அது 13 மீட்டர் அகலத் திரை. சிற்றூர் அரங்குக்கு அது தாராளம். திறன்பேசியைச் சுற்றி ஃபோம் போர்டால் ஒரு கோபுரம் கட்டி, பின்பக்கம் மரச்சட்டங்களை ஒட்டி, கார்களை நோக்கிச் சற்றே முன்னால் சாய்த்து நிறுத்துங்கள். பின்சுவரில் காற்றுத் துளைகள் அவசியம். மூடிய பெட்டிக்குள் திறன்பேசி சூடாகும். இரவு முழுக்க மின்னேற்றத்தில் விடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கும் பழைய பேசியை இதற்குத் தொடவே வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். திறன்பேசித் திரை இந்தக் குட்டி ஊருக்குச் சூரியனைப் போன்றது. ஒளியை ஆகக் குறைவாக வைத்து, மேலே ஒரு டிரேசிங் பேப்பரை ஒட்டினால் கண்ணாடியின் பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த திரையில் விழும் படம்போல மங்கும். விளக்குகளுக்கும் இதே விதி. 5 வோல்ட் மின்சாரத்தில் வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2 மில்லி ஆம்பியர்தான் ஓடும். உணவுக் கடைக்கும் நுழைவாயிலுக்கும் அந்த மங்கல் வெளிச்சமே அழகு.

வரிசைக்கு வரிசை உண்மையில் சுமார் 12 மீட்டர் இடைவெளி இருக்கும். மேசையில் 14 செ.மீ. ஒரு காருக்கு மூன்றரை செ.மீ. அகலம் ஒதுக்கினால், 40 செ.மீ.க்கு 60 செ.மீ. பலகையில் நான்கு வரிசைகளில் 40 கார்கள் நிற்கும். பேரங்காடியில் கிடைக்கும் விளையாட்டுக் கார்கள் பெரும்பாலும் 64-இல் ஒரு பங்கு என்பதால் இங்கே லாரி மாதிரி தெரியும். அளவு பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 3 மி.மீ. உயரத்தில் அட்டைப் பட்டை ஒட்டி, முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றுங்கள். ஹாலிங்ஸ்ஹெட் கொடுத்த முட்டு அதுதான். நம் ஈரக் காற்றில் வெறும் அட்டை வளைந்துவிடும். இருபுறமும் சாயம் பூசிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

ஒரு சனிக்கிழமை இரவு அறை விளக்கை அணைத்து, படத்தை ஓடவிட்டோம். மகள் கைதட்டினாள். என் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. காடி இல்லாதவங்க எங்கப்பா உக்கார்றது?"

அப்பா தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை. ஜூரோங் அரங்கைக் கட்டியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். கார் இல்லாமல் வருபவர்களுக்காக அங்கே 300 இருக்கைகள் போட்டிருந்தார்கள். ஆனால் அப்பா மனத்தில் இருந்தது ஜூரோங் அல்ல. எங்கள் மேசையில் பால்மரங்கள் இருக்கின்றன, லயங்கள் இருக்கின்றன. லயத்துச் சனங்கள் படம் பார்க்க மட்டும் இடமில்லை.

தோட்டத்தில் படம் என்றால் திடலில் கட்டிய வெள்ளைத் துணி. 1946-இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்களைத் தகவல் இலாகாவின் வேன்கள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டின. அவற்றோடு, திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் தமிழ்ப் படம் கொண்டுவந்து போடுபவர்களும் இருந்தார்கள். படம் வருகிறது என்றால் அன்று சாயங்காலமே சாக்கை விரித்து இடம் பிடிப்பார்கள் என்று இந்தத் தலைமுறைப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதைக் கட்ட உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. துணி எத்தனை அடி? எதில் கட்டினார்கள்? தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மின்னாக்கி எந்தப் பக்கம்? பெண்கள் எங்கே, பிள்ளைகள் எங்கே, கிராணி வீட்டார் எங்கே? கதையாகக் கேட்கும்போது இவை தேவைப்படுவதில்லை. பொம்மையைக் கையில் எடுத்து, பசையைத் தடவி, எங்கே வைப்பது என்று நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டியிருக்கிறது.

அப்பா பதில் சொன்னார். துணி பத்தடி அகலம் இருக்கும். பந்து விளையாடும் கோல் கம்பத்தில் கட்டுவார்கள். பிள்ளைகள் முன்னால், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், ஓரத்தில் நின்றபடி ஆண்கள். கிராணி வீட்டுக்கு மட்டும் நாற்காலி வரும். ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அப்போதுதான் கச்சான் விற்கிறவருக்கு வியாபாரம்.

"நாங்க பெரும்பாலும் அந்தப் பக்கம்" என்றார்.

எந்தப் பக்கம்?

துணிக்குப் பின்பக்கம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். மெல்லிய துணியில் படம் அந்தப் பக்கமும் தெரியும், இடவலம் மாறி. எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். எழுத்துகள் தலைகீழாக அல்ல, பக்கம் மாறி ஓடும். "எழுத்துப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தானே அது கஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துத் தோட்டத்து ஆள்கள் வந்தால் பின்பக்கம்தான். வேலை முடிந்து தாமதமாக வருபவர்களும் பின்பக்கம்தான். இதை அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதில்லை.

திறன்பேசிக்குப் பின்பக்கம் கிடையாது. ஆகவே இரண்டாவது திரைக்கு வேறு வழி பார்த்தோம். மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் 1.8 அங்குலக் குட்டித் திரைகள் கிடைக்கின்றன. படம் தெரியும் பகுதி 35 மி.மீ. அகலம், 28 மி.மீ. உயரம். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள்: மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். அப்பா சொன்ன பத்தடித் துணி! அப்படி இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டி, ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்தோம். நினைவட்டையிலிருந்து சிறிய அளவுப் படத்தை அது இரண்டு திரைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். பின்திரைக்கு மட்டும், இடவலம் மாற்றிக் காட்டு என்று ஒரு கட்டளை. கணினித் துறையில் இருக்கும் இளையவர் யாராவது வீட்டில் இருந்தால் ஒரு மாலை வேலை.

துணிக்கு அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பார்த்தோம். 87 மடங்கு கணக்கில் வேட்டி நூல் கயிறு போலத் தெரிந்தது. அதனால் மெல்லிய டிஷ்யூ தாளையே மேலே போர்த்தினோம். மனிதப் பொம்மை ஒவ்வொன்றும் 2 செ.மீ.க்குக் குறைவு. முன்னால் 26 பேர். பின்னால் 14 பேர். பின்னால் உள்ள 14 பேரையும் எங்கே வைக்க வேண்டும் என்று அப்பாவே ஊசிமுனையால் காட்டினார்.

இப்போது எங்கள் மேசையில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் டிரைவ்-இன், மறுபக்கம் தோட்டத் திடல். வருபவர்களின் கண் முதலில் கார்கள் நிற்கும் பக்கம்தான் போகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் மட்டும் கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, திடலுக்குப் பின்பக்கம் பார்க்கிறார்கள்.

ஊர் மாறுகிறது. 1909-இல் ஜோகூர் வழியாக முழுமையடைந்த பழைய பாதையின் இடத்தில் இன்று இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பிகளும். 2025 டிசம்பரில் இ.டி.எஸ். ரயில் ஜோகூர் பாருவுக்கே வந்துவிட்டது. செம்பனை சூழ்ந்திருந்த செடெனாக்கில் 700 ஏக்கருக்கு மேல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, தரவு மையங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் படங்கள் இப்படிப்பட்ட கட்டடங்களிலிருந்துதான் வருகின்றன. அதில் எனக்குக் குறையில்லை. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அப்பா சொன்ன திடல் இன்று இல்லை, அதன் படம் ஒன்றும் எங்கள் வீட்டில் இல்லை. துணி பத்தடி என்பதும், பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்பதும் எந்த வரைபடத்திலும் கிடையாது. அவர் தலையில் மட்டும்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் ரயில் மேசை இருக்க வேண்டியதில்லை. ஒரு காலணிப் பெட்டி போதும். தாத்தாவோ பாட்டியோ வாழ்ந்த லயத்தை அதற்குள் கட்டப்போகிறோம் என்று சொல்லி, அவர்களை எதிரே உட்கார வையுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். "அடுப்பு கதவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேளுங்கள். பேச்சு இரவு பத்து மணிக்கும் நிற்காது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

எங்கள் திடலில் ஒரு பொருள் மட்டும் இன்னும் ஒட்டப்படவில்லை. மின்னாக்கி ஆபீஸ் பக்கம் இருந்தது, சத்தம் கேட்கக்கூடாது என்று தூரத்தில் வைப்பார்கள் என்கிறார் அப்பா. இல்லை, கோயில் பக்கம்தான் என்று பெரியப்பா தொலைபேசியில் அடித்துச் சொல்கிறார். வரும் தீபாவளிக்குப் பெரியப்பா நேரில் வருகிறார். அதுவரை மின்னாக்கியும் பசைக் குப்பியும் மேசையின் ஓரத்தில் காத்திருக்கின்றன.