சுற்றிப் பார்க்க வருபவனுக்கு 365 நாள், ஊருக்குப் போகிறவனுக்கு 60

உப்பலில் உட்கார்ந்துகொண்டு பொங்கல் டிக்கெட்டுக்குக் காலண்டரில் வட்டம் போடும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் புலம்பல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பெரியப்பா மகன் ஜெர்மனியில் இருக்கிறார். பாஸ்போர்ட் என்னவோ இந்தியாதான். 2009-ல் வந்தபோது இண்ட்ரெயில் பாஸ் எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி, டெல்லி என்று சுற்றினார். அதே பாஸ்போர்ட் என்னிடமும் இருந்தது. ஆனால் அந்தப் பாஸ் வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் மட்டும்தான்! காசும் வெளிநாட்டுக் கரன்சியில்தான். அரை நாளிலிருந்து 90 நாள் வரை இருந்தது. முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் எதுவும் கிடையாது.

"ஐரோப்பாவிலும் அப்படித்தான்டா" என்பார் அண்ணன். எப்படி? யூரெயில் வெளியாட்களுக்கு, இன்டர்ரெயில் அங்கே குடியிருப்பவர்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அண்ணனுக்கு ஜெர்மனிதான் சொந்த நாடு (பெரியம்மா கேட்டால் அழுதுவிடுவார்). சொந்த நாட்டுக்குள் அந்தப் பாஸ் இரண்டு நாள்தான் செல்லும்: கிளம்ப ஒன்று, திரும்ப ஒன்று. கெடுபிடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளூர்க்காரனை வெறுங்கையோடு விடவில்லையே! 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இன்டர்ரெயிலில் இலவசம். ஜெர்மனிக்குள் சுற்ற 2023 மே முதல் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று மாதப் பாஸ் வேறு. அதிவேக ரயிலில் செல்லாது, சரி. நாடு முழுக்க மற்ற ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம்.

இங்கே என்ன செய்தார்கள்? 2017-ல் இண்ட்ரெயிலை மூடினார்கள். அப்பாடா, எல்லோரும் சமம் என்று நினைத்தேன். 2024 நவம்பர் 1 முதல் நமக்கு முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 ஆனது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு இருந்த 365 நாளில் மட்டும் கை வைக்கவில்லை.

டாலர் தேவைப்பட்ட காலத்தில் வந்த சலுகை, ஒதுக்கும் இடமும் கொஞ்சம்தான் என்பார்கள். இருக்கட்டும், அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழைக்க வந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே வருஷா வருஷம் போய்வரும் எங்களுக்கு என்ன இருக்கிறது? சர்க்குலர் ஜர்னி டிக்கெட் என்று ஒன்று உண்டு. கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டும், வழியில் எட்டு இடம் வரை இறங்கலாம். அதிலும் வழியை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக பெர்த் தேட வேண்டும். இதற்குப் பெயர் பாஸா?

இருந்ததும் போகிறது. 2016 ஏப்ரலிலிருந்து 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் சலுகை இன்னும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அம்மா, நாங்கள் இருவர், எட்டு வயது வாண்டு... நாலும் முழு டிக்கெட்.

வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போய்வர, குடும்பத்துக்கு ஒரு பாஸ் கொடுங்கள். குடியிருப்புச் சான்று கேட்கிறீர்களா? உப்பல் கரண்ட் பில்லையே காட்டுகிறேன், ரூபாயிலேயே முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டுகிறேன். அதுவரை நவம்பர் நடுவில், காலை எட்டு மணிக்கு, நானும் வீட்டம்மாவும் ஆளுக்கொரு போனோடு உட்கார வேண்டியதுதான்.