நாற்காலியும் மின்னழுத்தமும்

சென்னையில் பிறந்த ஒருவர் அயல்நாட்டில் உயர்பதவி எய்தினால் நாம் மகிழ்கிறோம். 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடுகிறோம். அதில் பிழையில்லை. அந்த மகிழ்ச்சி பதவியின் பெயரோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் எங்கள் குறை.

அனந்த சந்திரகாசனை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா சென்றவர். 1994ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் ஆசிரியரானார். 2011ல் துறைத்தலைவர், 2017ல் பொறியியல் புலத்தின் முதல்வர், 2025 ஜூலையில் பல்கலைக்கழகத்தின் கல்விப்பணிகளுக்குத் தலைமை தாங்கும் பிரவோஸ்ட். இந்தப் படிகளை எண்ணிச் சொல்ல நம்மில் பலரால் இயலும். அவர் என்ன கேள்வி கேட்டார் என்று வினவினால் மௌனமே விடையாகும்.

கேள்வி எளியது. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவி, வேகம் குறையாமல், மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்ய முடியுமா? 1992ல் சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை இதற்கு விடை தேடிற்று. சில்லு செலவிடும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால் பங்காகும். ஆனால் அழுத்தம் குறைந்தால் சுற்றின் வேகமும் குறையும். இங்கேதான் அந்தக் கட்டுரையின் அழகு இருக்கிறது. மூச்சிரைக்க ஓடும் ஒருவனுக்குப் பதில், நிதானமாக நடக்கும் இருவரிடம் வேலையைப் பகிர்ந்து கொடு என்கிறது அது.

அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டில் 5 வோல்ட்டில் இயங்கிய சுற்று ஒன்று இரட்டிக்கப்பட்டு 2.9 வோல்ட்டுக்கு இறக்கப்பட்டது. முடிக்கும் வேலையின் அளவு மாறவில்லை, மின்திறன் 0.36 பங்காகக் குறைந்தது. விலை? சில்லின் பரப்பு 3.4 மடங்காயிற்று. இடத்தைக் கொடுத்து ஆற்றலை வாங்கும் பண்டமாற்று இது. டிரான்சிஸ்டர்கள் ஆண்டுதோறும் சிறுத்துவந்த காலத்தில் இடம் மலிந்துகொண்டிருந்தது. மின்கலமோ அவ்வளவு விரைவாக வளரவில்லை. எது மலிவு, எது அரிது என்று சரியாகக் கண்டதே அந்த ஆய்வின் வெற்றி என்போம்.

2005ல் ஆலிஸ் வாங்குடன் அவர் வெளியிட்ட கட்டுரை இன்னும் கீழே இறங்கிற்று. அவர்கள் வடிவமைத்த செயலி 180 மில்லிவோல்ட்டிலும் இயங்கிற்று. சுவர்க்கடிகாரத்தில் நாம் இடும் மின்கலத்தின் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு அது! ஆயினும் மிகச் சிக்கனமாக அது இயங்கியது 350 மில்லிவோல்ட்டில்தான். அதற்கும் கீழே போனால் வேலை மிகவும் நீள்கிறது. நீளும் நேரமெல்லாம் மின்சாரம் கசிகிறது. சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தால் அதுவே வீண்செலவாகிறது. குடும்பம் நடத்துவோர் அறிந்த இந்த உண்மையைச் சிலிக்கானில் அளந்து காட்டிய கட்டுரை அது.

2012ல் அவரும் பிற ஆய்வாளர்களும் கினிப்பன்றியின் உட்செவியில் இயற்கையாக உள்ள மின்னழுத்தத்தைக்கொண்டே ஒரு சிறு உணரியை இயக்கிக் காட்டினர். அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நானோவாட். அந்தத் துளியைச் சேமித்துச் சேமித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானொலிச் செய்தி அனுப்பிற்று அந்தச் சில்லு.

'இந்தப் பணி முழுவதும் அமெரிக்காவில் நடந்தது. இதில் நமக்கென்ன உரிமை?' என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெர்க்லிக்கும் எம்.ஐ.டி.க்கும், உடன் உழைத்த மாணவர்களுக்கும் உரிய புகழைப் பிறந்த ஊரின் பெயரால் நாம் எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் அறிவைப் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. 'நம்மவர்' என்று சொல்லிவிட்டுப் படிக்காமலிருப்பதைவிட, 'யாரோ ஒருவர்' என்று எண்ணிப் படிப்பது மேல்.

இலக்கிய அன்பர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு சொல் மிகுந்தாலும் கவிதை கெடும் என்று வாதிடும் நாம், ஒரு மின்னூட்டம் வீணாகாமல் ஒரு சுற்றை வடிப்பதும் அதே ஒழுக்கம் என்பதைக் காணத் தவறினோம். அதனால் இழப்பு நம் பிள்ளைகளுக்கு. நாற்காலியைக் காட்டி வளர்த்தால் பிள்ளை நாற்காலியைத் தேடும். கேள்வியைக் காட்டி வளர்த்தால் கேள்வியைத் தேடும். அடுத்த முறை ஒரு பதவிச் செய்தி வரும்போது, வாழ்த்துக்குப் பின் அவருடைய ஒரே ஒரு கட்டுரையையாவது தமிழில் விளக்கி எழுதுவோம்.