பெருநாள் காசில் பொரித்த டிராகன்

பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஏழாம் ஆண்டில் படிக்கும் தங்கையின் மகன் ஓடிவந்து, கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பெரியும்மா, பாருங்க! இது மூணு நாளைக்குத்தான் கிடைக்கும். எனக்குக் கிடைச்சிட்டு!"

முட்டை பொரிக்க வைத்து, டிராகன்களை வளர்த்துச் சேர்க்கும் விளையாட்டு அது. புதிதாக வந்த டிராகனுக்கு மரத்தில் செதுக்கிய முகமூடி போன்ற தலை, உடலெங்கும் பச்சை குத்திய கோலங்கள், கழுத்தில் பூமாலை. அழகாகத்தான் இருந்தது.

"எவ்வளவு மகன் முடிஞ்சது?"

தலை குனிந்தது. பெருநாள் காசு முழுவதும் ரீலோட்டாக மாறி, முட்டை முட்டையாக உடைந்து போயிருந்தது.

நான் ஏசவில்லை. "இது எந்த நாட்டு டிராகன்?" என்று மட்டும் கேட்டேன். "பொலினீசியா. கேமில வாற ஒரு தீவு" என்றான்.

அன்பு வாசகர்களே, காசு போனதைவிட இந்தப் பதில்தான் என்னை வருத்தியது. பொலினீசியா கற்பனைத் தீவு அல்ல. வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு என்ற மூன்று முனைகளுக்குள் பசிபிக் சமுத்திரத்தில் விரிந்து கிடக்கும் பெரும் தீவுக்கூட்டம். அந்த மக்களின் முன்னோர் திசைகாட்டும் கருவி ஏதுமின்றி, நட்சத்திரத்தையும் அலையையும் பறவையையும் பார்த்தே படகோட்டியவர்கள். அது முடியுமா என்று சந்தேகித்தவர்களுக்கு 1976இல் பதில் கிடைத்தது. ஹொக்குலேயா என்ற படகு, கருவிகளின்றி ஹவாயிலிருந்து தஹிட்டி வரை சென்று காட்டியது.

நெருப்புக் கக்கும், சிறகு முளைத்த டிராகன் அவர்களுடையது அல்ல. ஹவாய்க் கதைகளில் வருவது நீர்நிலைகளைக் காக்கும் பெரும் பல்லி, பெயர் மோஓ. நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் ஆறுகளில் வாழும் தனிஃபா உண்டு. 2002இல் அங்கே நெடுஞ்சாலை அமைத்தபோது, அது தனிஃபாவின் இருப்பிடம் என்று மவோரிகள் எடுத்துச் சொல்ல, வேலையை நிறுத்தித் திட்டத்தைச் சற்று மாற்றினார்கள். நமது நம்பிக்கை வேறு. ஆனாலும் ஒரு சமூகம் இவ்வளவு கனமாக மதிப்பதை நாம் பொம்மையாகப் பார்ப்பது முறையா?

அந்தக் கோலங்களும் வெறும் அலங்காரம் அல்ல. மவோரிகளின் முகப்பச்சை ஒருவரின் வம்சத்தைச் சொல்வது. 2016இல் மோவானா திரைப்படத்துக்காக, பச்சை குத்திய தோல் போன்ற சிறுவர் உடையை டிஸ்னி விற்பனைக்கு விட்டது. பசிபிக் மக்கள் எதிர்த்ததும் அதை மீளப் பெற்றுக்கொண்டது.

இனிக் காசுக் கதை. முட்டைக்குள் என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுக்கிறோம். வேண்டியது வராவிட்டால் மறுபடியும் கொடுக்கிறோம். "மூன்று நாள்தான்" என்ற அவசரம் யோசிக்க விடுவதில்லை. சூது என்றால் நமக்குச் சீட்டுக்கட்டு நினைவுக்கு வரும். இதற்கு என்ன பெயர்? சில விளையாட்டுக்களில் இப்படிக் காசுக்கு விற்ற அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. வாங்கிய டிராகனும் நம்முடையதல்ல. நிறுவனம் விளையாட்டை மூடினால் அதுவும் போய்விடும்.

பெற்றோரே, தொலைபேசியைப் பறிப்பதால் மட்டும் இது தீராது. காசு செலுத்தும் வழிக்கு இரகசிய இலக்கம் போடுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன? எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள்.

நான் மகனைப் பக்கத்து வீட்டு மலாய் மாமியிடம் கூட்டிப்போனேன். ஐந்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். "லிமா" என்றார். கண்? "மத்தா." நெருப்பு? "அப்பி." சமோவாத் தீவிலும் ஐந்து லிமா, கண் மத்தா, நெருப்பு அஃபி. இரண்டும் ஒரே மொழிக் குடும்பம். மகன் கண்கள் விரிய நின்றான்.

அன்றிரவு உலகப்படத்தை விரித்து, இலங்கையிலிருந்து சமோவா வரை விரலால் கடலைக் கடந்து பார்த்தான். அந்தப் பயணத்துக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.