பொட்டி செத்துப்போச்சா? முதல்ல சுவத்தைப் பாருங்க!

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று ஊரிலிருந்து போன் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "கடைக்காரரைக் கூப்பிடுங்க". இன்னொன்று, "பழசுதானே, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, பணம் அனுப்பறேன்". இந்த இரண்டுமே முதல் பதிலாக இருக்கக்கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் சாந்தன்பாறை. தெரியாதவர்களுக்கு: இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை தாலுகா, ஏலக்காய் மலை. 2022 அக்டோபரில் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது டிவியில் எல்லாம் காட்டினார்களே, அந்த ஊர்தான். கேரளா என்றாலும் தேனிப் பக்கமிருந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். கம்ப்யூட்டரைக் கடையில் காட்ட வேண்டுமென்றால் பூப்பாறை, போடிமெட்டு தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போடிக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அந்த வழியும் இல்லை. எழுபது வயசு அப்பா ஒரு டெஸ்க்டாப் பொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கி, கடைசியில் "யு.பி.எஸ். பேட்டரி போயிருக்கு, பொட்டி நல்லாத்தான் இருக்கு" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரரைக் கூப்பிடுங்க என்று சொல்வது நமக்கு எளிது. அலைவது அவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "ஆன் ஆகல" என்பது ஒரு வியாதி இல்லை. குறைந்தது இரண்டு வியாதி. சுவிட்சை அமுக்கினால் லைட்டும் இல்லை, காற்றாடிச் சத்தமும் இல்லை என்றால் அது ஒன்று. லைட் எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு. முதலாவது கரண்ட் சமாச்சாரம். இரண்டாவதில் ரேம், மானிட்டர், கேபிள் என்று தேட வேண்டும். வயிற்று வலியையும் தலைவலியையும் ஒரே மாத்திரையால் தீர்க்க முடியுமா? அதனால் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன மாடல்?" இல்லை. "சத்தம் கேக்குதா? லைட் எரியுதா?" என்பதுதான்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் அக்கா மகள்தான் டாக்டர். எட்டாம் வகுப்பு. அப்பா போனை வாங்கினால் "ஒண்ணுமே வரலப்பா" என்பதோடு சரி. அவள் வாங்கினால், "மாமா, பச்சை லைட் எரியுது, ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நிக்குது" என்பாள். பாதி வேலை அங்கேயே முடிந்தது. கண் அங்கே இருக்கிறது, கேள்வி மட்டும் இங்கிருந்து போனால் போதும்.

நான் கேட்கிற வரிசை இதுதான்:

1. அதே பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது போடுங்கள். செல்போன் சார்ஜர், டேபிள் லைட், எதுவானாலும் சரி. எரிகிறதா?

2. யு.பி.எஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். யு.பி.எஸ்ஸுக்குள் இருப்பது ஈய அமில பேட்டரி. சில வருடங்களில் அது கட்டாயம் சாகும். பேட்டரி செத்ததும் சில யு.பி.எஸ். கரண்ட்டையே வெளியே விடாது. பழி மட்டும் பொட்டி மேல்!

3. பொட்டியின் பின்னால் பவர் கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒட்டடை அடிக்கும்போது கைபட்டு ஆஃப் ஆகியிருக்கலாம். கேபிளும் இளகியிருக்கலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள், மானிட்டர் கேபிளே பல சமயம் பொருந்தும்.

4. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். உள்ளே தங்கிய மின்சாரத்தால் மக்கர் பண்ணும் பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும்.

5. காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லை என்றால், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பார்க்கலாம். சாந்தன்பாறை மாதிரி வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் ஊரில் ஈரம் பிடித்துப் பாசி படிவது சகஜம்.

இதற்கு மேல் போனில் வேண்டாம். முக்கியமாக எஸ்.எம்.பி.எஸ். என்கிற இரும்பு டப்பாவைத் திறக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். நம் 230 வோல்ட் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அது தெரிந்தவர் கை வைக்க வேண்டிய இடம். டப்பாவையே மொத்தமாக மாற்றிவிடலாம், மதர்போர்டு விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவுதான்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே 120 வோல்ட். பழைய டெஸ்க்டாப் சிலவற்றில் பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். "ஊர்ல பசங்க படிக்கட்டும்" என்று பாசத்தோடு கப்பலில் போட்டு அனுப்பிய பொட்டி, 115-இல் இருந்தபடியே ஊர் சுவரில் செருகப்பட்டால், ஒரே டமால். அனுப்புவதற்கு முன் அந்தச் சுவிட்சைப் பார்த்து 230-க்குத் தள்ளுங்கள். இப்போது வருபவை பெரும்பாலும் 100 முதல் 240 வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் லேபிளைப் படித்து விடுவது நல்லது.

இதுவரை சொன்னது வைத்தியம். இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் ஊரில் பொட்டிகள் ஏன் சாகின்றன? பழசானதால் மட்டும் இல்லை. துலாவர்ஷ மாதங்களில், அக்டோபர் நவம்பரில், மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும் பாருங்கள், மலையே அதிரும். ஏப்ரல் மே கோடை மழையிலும் அப்படித்தான். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்கு அதிக வாய்ப்பு, மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டியுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இதில் ஒரு நுணுக்கம். பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மின்னல் டெலிபோன் செம்புக் கம்பி வழியாகவும், டிஷ் கேபிள் வழியாகவும் வரும். மோடத்திலிருந்து பொட்டிக்குப் போகும் நெட்வொர்க் வயரையும் உருவ வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்வது பிடுங்குவதற்குச் சமம் இல்லை. அந்தச் சின்ன இடைவெளி மின்னலுக்கு ஒரு தாண்டல்.

அடுத்து, காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுவது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், சில வீடுகளுக்கு 230-க்குப் பதிலாக 300, 400 வோல்ட் வரை ஏறிவிடும். பல்பு திடீரென்று பளீரென எரிந்தால் மெயினை இறக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றாவது, எர்த். பொட்டியைத் தொட்டால் "சுர்ருங்குது" என்று சொல்வார்களே, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். முகப்பில் உள்ள வடிகட்டியிலிருந்து கசியும் கொஞ்சம் மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் அது இரும்புக் கூட்டில் வந்து நிற்கும். அந்தச் சுர்ர் என்பது "உங்க வீட்டில் எர்த் இல்லை" என்று பொட்டி போடுகிற மனு. எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடக்டரும் தன் வேலையை முழுதாகச் செய்யாது. பாறை நிலத்தில் எர்த் நன்றாக அமைய ஆழமும் வேண்டும், ஈரமும் வேண்டும், லைசென்ஸ் உள்ள வயர்மேனும் வேண்டும். கூடவே ஒரு ஈ.எல்.சி.பி. அது பொட்டியைக் காப்பாற்றாது, ஆனால் பொட்டியைத் தொடுகிற பிள்ளையைக் காப்பாற்றும்.

நாம் ஊருக்கு லேப்டாப் அனுப்புகிறோம், டிவி அனுப்புகிறோம். எர்த் குழிக்கு யாராவது பணம் அனுப்புகிறோமா? அனுப்ப மாட்டோம். ஏனென்றால் அது மண்ணுக்குள் இருக்கிறது. வருகிறவர்களிடம் "பையன் போட்டுக் கொடுத்தது" என்று காட்ட முடியாது :-) கண்ணுக்குத் தெரிகிற பாசத்துக்கு நாம் கை நிறையச் செலவு செய்கிறோம். அந்தப் பாசத்தைக் காப்பாற்றும் குழிக்குச் செலவு செய்வதில்லை. ஒரு லேப்டாப் பணத்தில் ஒரு பங்கை வயரிங்குக்கு ஒதுக்கினால் அடுத்த லேப்டாப்பே தேவைப்படாமல் போகலாம்.

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கு, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2020 ஜூன் 1 அன்று கேரளாவில் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது டிவியும் போனும்தான் பள்ளிக்கூடம். ஆனால் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டால் யார் எழுதுவது, யார் படிப்பது? தோட்டக் கணக்கு, பட்டாவின் ஸ்கேன், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் இன்னும் அந்தப் பொட்டியில்தான் இருக்கிறது.

அதனால்தான் "தூக்கிப் போடுங்க" என்று அவசரப்படக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். போனாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். கழற்றி வேறு பொட்டியில் மாட்டினால் படம் எல்லாம் வரும். புது லேப்டாப்பில் கதை வேறு. பலவற்றில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். மதர்போர்டு போனால் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. அந்தச் சாவி, முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தார்களோ அதில் கிடக்கும். பல வீடுகளில் அது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் கணக்குதான். இன்றைக்கே அதை எடுத்துத் தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். போட்டோக்களுக்கு இன்னொரு காப்பியும் வேண்டும்.

மதர்போர்டே கருகிவிட்டது, பாகமும் கிடைக்கவில்லை என்றால் புதுசு வாங்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் எதனால் செத்தது என்று தெரியாமல் வாங்கும் புதுசும் அதே சுவரில்தான் செருகப்படும், அதே மழையில்தான் நிற்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் டெஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மூன்று முள் சுவருக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். போன முதல் நாள் வீட்டில் உள்ள ஒவ்வொரு சுவரிலும் அதைச் செருகிப் பாருங்கள். எர்த் வயர் இருக்கிறதா இல்லையா என்று விளக்கே சொல்லிவிடும். எர்த் நல்லதா என்று அளந்து சொல்வது வயர்மேன் வேலை. அவரையும் அந்த வாரமே வரச் சொல்லுங்கள்.